ஞாயிற்றுக்கிழமை காலி செய்தவள்

வென்டோவர் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு காலி செய்யக் கூடாது. என் மனைவி மார்கிட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனாள்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வென்டோவர் இருப்பது நியூயார்க்கின் வெஸ்ட் எண்ட் அவென்யூவில். போருக்கு முந்தைய கட்டடம். எந்தப் போர் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ போர்கள் வந்து போய்விட்டன. வீட்டுத் தரகர்கள் அந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். போருக்கு முந்தையது என்றால் கூரை உயரம், சுவர் கனம், குழாய் துரு. எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். ஏழு அறை. மார்கிட்டின் அத்தை அவளுக்கு விட்டுச்சென்றது. இந்த வயதில் இரண்டு பேர் ஏழு அறையில் வாழ்வது மன்ஹாட்டனில் ஏறக்குறைய ஒரு குற்றம். சாப்பிட வரும் நண்பர்கள் முதலில் அறைகளை எண்ணுவார்கள். பிறகுதான் கோட்டைக் கழற்றுவார்கள்.

அன்று அவளைக் கொண்டுபோகக் கறுப்புக் கோட்டு அணிந்த இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். பெரிய பொருள் எதுவானாலும் சரக்கு லிஃப்டில்தான் இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். சாவி வைத்திருக்கும் மேற்பார்வையாளர் யாங்கர்ஸில் ஒரு திருமணத்தில் இருந்தார். வாசலில் நிற்கும் டோர்மேன் எஃப்ராயின் தொப்பியைக் கழற்றிவிட்டு முன் லிஃப்டைத் திறந்தார்.

“வாங்க பாஸ். மேடம் எப்பவும் இதுலதான போவாங்க.”

கீழே லாபியில் மிஸஸ் பென்ஃபீல்ட் நின்றிருந்தார். நிர்வாகக் குழுவின் தலைவி. கையில் பியோனிப் பூங்கொத்து. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு, மிஸ்டர் கிராட்.”

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாட்காட்டி எதையாவது தேடுபவர்போல் சுற்றிலும் பார்த்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரே உறையில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று அனுதாப அட்டை. அனுப்பலாமா வேண்டாமா என்று குழுவில் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அட்டையின் கீழே ‘பெரும்பான்மை அனுதாபங்களுடன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். இன்னொன்று விதிமீறல் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமையன்று, முன்னனுமதியின்றி, முன் லிஃப்ட் வழியாக, 9A-யிலிருந்து ஒருவர் வெளியேறியது தொடர்பாக.

இரண்டையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஏன் என்று தெரியாது. அந்த நாட்களில் எதையாவது எதன்மீதாவது ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கிட்டின் ஒன்றுவிட்ட அக்கா ஃப்ரான் பேகல் ரொட்டியும் புகைபோட்ட சால்மன் மீனும் வாங்கிக்கொண்டு வந்தார். ஃப்ரான் வீட்டுத் தரகர். துக்கம் கேட்க வந்த இடத்திலும் கூரையின் ஓரத்து அலங்கார வேலைப்பாட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பழக்கம்.

“ஏமோஸ் செல்லம், ஒண்ணு கேக்கறேன். பங்குப் பத்திரத்துல உன் பேரு இருக்கா?”

“இல்ல.”

“கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல சேக்கவே இல்லையா? என்ன பண்ணிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?”

“சேக்கணும்னா நான் குழுவோட நேர்காணலுக்குப் போகணும். மார்கிட் வேண்டாம்னுட்டா.”

அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். “உன்ன எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்கும் புடிக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல.”

ஃப்ரான் பேகலைக் கீழே வைத்தார். ஃப்ரான் உணவைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

“உயில்ல எல்லாம் உனக்குத்தான். ஆனா வீடுன்னு ஒண்ணு கெடையாது, புரியுதா? இது கோ-ஆப். மொத்தக் கட்டடமும் கம்பெனிக்குச் சொந்தம். உனக்கு வரப்போறது கம்பெனியோட பங்கு. அந்தப் பங்க வெச்சுக்கிட்டு உள்ள குடியிருக்கணும்னா குழு சம்மதிக்கணும்.”

“நான் இப்பவே உள்ளதான இருக்கேன்.”

“நீ இருந்தது மார்கிட்டோட புருஷனா. இப்ப நீ விண்ணப்பதாரர்.”

“சம்மதிக்கலைன்னா?”

“வித்துட்டுப் போகணும். வாங்கறவன் மொத வேலையா சமையலறைக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் குட்டி ரூம இடிப்பான். எல்லாரும் அதத்தான் மொதல்ல இடிக்கறாங்க. சமையலறை பெருசா வேணுமாம். ஒருத்தனும் சமைக்கறதில்ல. ஆனா பெருசா வேணும்.”

அந்தக் குட்டி அறை, அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்ணுக்கென்று கட்டியது. ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. மார்கிட் அங்கேதான் வேலை செய்தாள். பத்திரிகைகளுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பது அவள் தொழில். காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சொற்களைச் சுவரில்தான் பென்சிலால் எழுதுவாள். இடது பக்கச் சுவர் முழுக்க அவள் கையெழுத்து. மேலே இருப்பவை நின்றுகொண்டு எழுதியவை. கீழே இருப்பவை கடைசி மாதங்களில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை.

அந்தச் சுவர் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். மீதி ஆறு அறைகளை யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வென்டோவரில் அப்படிப் பிரித்துத் தர முடியாது.

ஃப்ரான் பயிற்சி கொடுத்தார். “கேள்வி கேக்காத. ஜோக் அடிக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சீக்கிரம் முடிஞ்சா நல்ல நேர்காணல். ‘லாபி அழகா இருக்கு’ன்னு ஒரு தடவ சொல்லு. ரெண்டு தடவ சொல்லிடாத, நக்கல் பண்றேன்னு நெனப்பாங்க.”

“அழுதுட்டா?”

“அழாத செல்லம். அழறவனால மாசா மாசம் பராமரிப்புத் தொகை கட்ட முடியாதுன்னு முடிவு கட்டிடுவாங்க.”

“அழ மாட்டேன்.”

“அதுவும் தெரியுது,” என்றார் ஃப்ரான். என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. பிறகு பேகலை எடுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையொப்பத்துக்கு ஓர் இடம் இருந்தது. வெறுமையாக விட்டு அனுப்பினேன். ‘முழுமையடையாதது’ என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றிதழை இணைத்து அனுப்பினேன். ‘துணை வேறு முகவரிக்கு மாறியிருப்பின் புதிய முகவரியைக் குறிப்பிடவும்’ என்று திரும்பி வந்தது. குவீன்ஸில் உள்ள கல்லறைத் தோட்டத்தின் முகவரியை எழுதினேன். வரிசையும் மனையும்கூடக் குறிப்பிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நேர்காணல் அடித்தளத்தில், சலவை அறைக்கும் சைக்கிள் அறைக்கும் நடுவில் நடந்தது. ஒரு நீண்ட மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். நடுவில் மிஸஸ் பென்ஃபீல்ட். அவருக்கு வலப்பக்கம் மிஸ்டர் கட்னர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர், கட்டடத்தின் விதிகளை எழுதியவர். இடப்பக்கம் டாக்டர் ஹோபார்ட், மனநல ஆலோசகர். சுவருக்கு அப்பால் யாருடைய துணியோ சுழன்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பித்தான் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

“வென்டோவர் ஒரு குடும்பம், மிஸ்டர் கிராட்,” என்று தொடங்கினார் மிஸஸ் பென்ஃபீல்ட். “பக்கத்துக் கதவுல யார் இருக்காங்கன்னு இங்க பல பேருக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவு நாகரிகமான குடும்பம். நான் எத்தனையோ வருஷமா தலைவியா இருக்கேன். எனக்குப் பதவி ஆசையெல்லாம் கெடையாது. ஒவ்வொரு தேர்தல்லயும் வேற யாராவது வாங்கன்னுதான் சொல்றேன். வர்றவங்களுக்குத் தகுதி இல்லைன்னும் நானே சொல்ல வேண்டியிருக்கு. சுமைதான். யார்கிட்ட சொல்றது?”

“லாபி அழகா இருக்கு,” என்றேன்.

மூவர் முகமும் இளகியது. ஃப்ரான் தொழில் தெரிந்தவர்.

“துக்கத்துக்கு நேரம் குடுங்க,” என்றார் டாக்டர் ஹோபார்ட் மென்மையாக. “அவசரமே இல்ல. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்க. குழுவுல பேசினப்போ, ஏப்ரலுக்குள்ள முடிஞ்சா நல்லாருக்கும்னு ஒரு கருத்து வந்தது. கருத்துதான்.”

“ஏப்ரல்ல லாபிக்குப் பெயின்ட் அடிக்கறோம்,” என்று விளக்கினார் மிஸஸ் பென்ஃபீல்ட்.

மிஸ்டர் கட்னர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். “மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கற உத்தேசம் உண்டா?”

“இல்ல.”

மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

“அப்ப ஏழு ரூம்ல தனியாளு,” என்றார் கட்னர். “தனியா இருக்கறவங்க வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க. போவாங்க. லிஃப்ட் மேலயும் கீழயும் போயிட்டே இருக்கும்.”

“சரி. பண்ணிக்கறேன்.”

“அப்ப நாங்க கண்ணாலயே பாக்காத ஒரு பொம்பளைக்கு இப்பவே அனுமதி கேக்கறீங்க.”

நான் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

“அடுத்தது,” என்றார் கட்னர், “நீங்க ஞாயித்துக்கிழம காலி பண்ணின விஷயம்.”

“நான் காலி பண்ணல. என் மனைவி இறந்துட்டா.”

“அதுல குழு தலையிடவே தலையிடாது. இறக்கறது பங்குதாரரோட சொந்த விஷயம். எந்தக் கிழமையும் இறக்கலாம். எந்த நேரத்துலயும் இறக்கலாம். விதியில தடையே கெடையாது. அந்த விதிய எழுதினவன் நான். ரொம்பத் தாராளமாத்தான் எழுதியிருக்கேன். வெளிய போனதுதான் பிரச்சன.”

“சரக்கு லிஃப்ட் பூட்டியிருந்தது.”

“பூட்டித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழம யாரும் அதுல போகக் கூடாதுன்னுதான பூட்டறோம்.”

“அதனாலதான் முன் லிஃப்ட்ல...”

“அதுலயும் போகக் கூடாது.”

“அப்ப எதுல போயிருக்கணும்?”

“திங்கக்கிழமையில,” என்றார் கட்னர்.

கேள்வி கேட்காதே என்று ஃப்ரான் சொன்னது நினைவுக்கு வந்தது.

மிஸஸ் பென்ஃபீல்ட் மார்பில் கை வைத்தார். “நான் பூவோட நின்னுட்டிருந்தேன். ஒதுங்கி வழி விட்டேன். புகார் குடுத்தது நான் இல்ல. ஆனா பாத்துட்டேன், மிஸ்டர் கிராட். தலைவி பாத்த ஒண்ண பாக்கலைன்னு கூட்டக் குறிப்புல எப்படி எழுதறது?”

“இன்னிக்கு உங்க மனைவி,” என்றார் கட்னர். “நாளைக்குப் பதினோராவது மாடிக்காரர் ஞாயித்துக்கிழம பியானோவ எறக்குவார். கேட்டா, 9A மட்டும் போகலாமாம்பார். நான் என்ன பதில் சொல்ல? அது பியானோ, இவங்க மனுஷின்னா? பாரபட்சம் காட்டறோம்னு கேஸ் போடுவார். அவர் போடற ஆளு.”

“உங்களுக்கு இப்ப கோபம் வருதா?” என்று ஹோபார்ட் ஆவலோடு கேட்டார்.

“இல்ல.”

“வந்தா தப்பில்ல.”

“வரல.”

ஹோபார்ட் ஏமாற்றத்தோடு எழுதிக்கொண்டார்.

கட்னர் முன்னால் சாய்ந்தார். குரலில் ஒரு கருணை வந்தது. “நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஒரு வழி இருக்கு. உங்க மனைவி ஞாயித்துக்கிழம இறந்தாங்க. அது டாக்டர் விஷயம், அப்படியே இருக்கட்டும். ஆனா திங்கக்கிழம, வேலை நேரத்துல, சரக்கு லிஃப்ட்ல, முறைப்படி வெளிய போனாங்க. அப்படின்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாங்க கூட்டத்துல நிறைவேத்திடறோம். விதிமீறலே நடக்கல. உங்க விண்ணப்பம் சுத்தமா ஆயிடும்.”

“ஆனா இவங்க பாத்தாங்களே.”

“திங்கக்கிழம பாத்திருப்பேன்,” என்றார் மிஸஸ் பென்ஃபீல்ட். “அன்னிக்கும் பூ வாங்கினேன்.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “அப்ப ஞாயித்துக்கிழம ராத்திரி அவ எங்க இருந்தா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“உங்க கூடத்தான்,” என்றார் மிஸஸ் பென்ஃபீல்ட். “வேற எங்க?”

சுவருக்கு அப்பால் இயந்திரம் நின்றது. பித்தானும் நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவந்தேன்.

இடைப்பட்ட நாட்களில் கம்பளக் குழு வந்தது. அதிலும் அதே மூவர்தான். ஆனால் கம்பளக் குழுவாக வரும்போது வணக்கம் சொல்வதில்லை. தரையின் பெரும்பகுதி கம்பளத்தால் மூடியிருக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது விதி. கட்னர் அளவு நாடாவோடு மண்டியிட்டார். ஜன்னலோரம் ஒரு நீள்சதுரம் வெறும் தரையாக இருந்தது. மார்கிட்டின் மருத்துவமனைக் கட்டிலுக்காக அங்கே கம்பளத்தைச் சுருட்டியிருந்தோம். கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பளத்தை நான் விரிக்கவில்லை.

“இங்க சத்தம் வரும்,” என்றார் கட்னர்.

“நான் அதுமேல நடக்கறதில்ல.”

“ஏன்?”

“பழக்கமில்ல,” என்றேன்.

“கீழ்வீட்டுலேர்ந்து ஒரு புகாரும் வந்திருக்கு,” என்றார் மிஸஸ் பென்ஃபீல்ட். “கொஞ்ச நாளா மேல ஒரு சத்தமும் இல்லையாம். அவங்களுக்கு அது தொந்தரவா இருக்காம். சத்தம் வந்தா எங்கேர்ந்துன்னு தெரியும். சத்தம் இல்லைன்னா என்ன நடக்குதுன்னே தெரியாதேங்கறாங்க. நியாயம்தான?”

பிறகு சமையலறைக்குப் போனார்கள். குட்டி அறையின் கதவைத் திறந்தார்கள். மிஸஸ் பென்ஃபீல்ட் இடது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. ஏதோ ஒரு சொல்லைப் படித்திருக்க வேண்டும். ஒரு நொடி, அவர் அந்தப் புதிரை விடுவிக்க முயல்கிறார் என்றே நினைத்தேன்.

“சுவத்துல மாற்றம் செய்யறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?”

“வெறும் பென்சில்தான்.”

“ஓ, பென்சிலா,” என்றார் நிம்மதியாக. “அப்ப பரவால்ல. அழிஞ்சிடும்.”

அன்று மாலை கீழே இறங்கி நடைபாதையில் நின்றேன். எஃப்ராயின் வாசல் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க பாஸ். திங்கக்கிழம நான்தான் சரக்கு லிஃப்ட ஓட்டினேனாம்.”

“ஓட்டினீங்களா?”

“திங்கக்கிழம எனக்கு லீவு! பிராங்க்ஸ்ல பல்லு புடுங்கிக்கிட்டிருந்தேன். இப்ப பேப்பர்ல நான் இங்க இருந்திருக்கேன். அப்ப பல்லு எப்படிப் போச்சுன்னு பொண்டாட்டி கேட்டா என்னன்னு சொல்லுவேன்?”

பல் இருந்த இடத்தைக் காட்டினார்.

“நானும் போடணுமாம்,” என்றேன்.

“போட்டுடுங்க. நாலாவது மாடி லேப்ரடார் இருக்குல்ல, கன்னுக்குட்டியாட்டம்? அது இங்க பேப்பர்ல சின்ன நாய். பெரிய நாய்க்கு அனுமதி இல்ல. அத நேர்காணலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மூணு பேரும் தடவிப் பாத்துட்டு, சின்ன நாய்தான்னு எழுதிட்டாங்க. அன்னியிலேர்ந்து நானும் அத சின்ன நாய்னுதான் கூப்பிடறேன். மேல வந்து பாஞ்சா சின்னதாத்தான் விழுவேன்.”

“பொய்தான எல்லாம்?”

“பொய்யில்ல பாஸ். வென்டோவர்.” துணியை உதறினார். “மேடம் இருந்திருந்தா இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க.”

சிரித்திருப்பாள். நானும் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

எங்கள் யூத வழக்கத்தில் இறந்தவரை அடக்கம் செய்யும்வரை தனியாக விடக் கூடாது. யாராவது ஒருவர் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்கிட்டின் பக்கத்தில் அந்த இரவு உட்கார்ந்திருந்தது அடக்க நிறுவனம் அமர்த்திய ஆள். முன்பின் தெரியாதவர். இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகச் செய்வார்கள், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். யாரோ கொண்டுவந்து வைத்திருந்த கூகல் என்ற நூடுல்ஸ் பலகாரத்தை நின்றுகொண்டே சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

கட்னர் சொன்ன அந்த இன்னொரு இரவை நினைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் வரவில்லை. லிஃப்ட் பூட்டிக் கிடக்கிறது. அவள் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். நான் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். போர்வையை இழுத்து விட்டிருப்பேன், தேவையில்லாவிட்டாலும். வெளிச்சம் வரும்வரை அப்படியே இருந்திருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். சுவருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். பேனாவைக் கையில் எடுத்தபோது சுவரை நான் நினைக்கவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மிஸஸ் பென்ஃபீல்ட் எழுந்து நின்று பேசினார். “மார்கிட் இந்தக் குடும்பத்தோட பொக்கிஷம். போறப்பக்கூட விதிப்படி போனாங்க. இந்தக் காலத்துல யாரு அப்படிப் போறாங்க?” கைக்குட்டையால் கண்ணைத் தொட்டார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அதற்குள் நம்பிவிட்டிருந்தார்.

ஃப்ரானிடம் சொன்னேன். “பிரமாதம் செல்லம்! ஒருமனதாவா? அவங்க மதியச் சாப்பாட்டுக்கே ஒருமனதா போனதில்ல!” என்று தொலைபேசியில் கத்தினார். அன்று நான் கம்பளத்தை விரித்தேன்.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. என் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஒரே வரி.

“காரணம்?” என்று ஃப்ரானிடம் கேட்டேன்.

“சொல்ல மாட்டாங்க,” என்றார் ஃப்ரான். “சொல்லத் தேவையில்ல. இந்த ஊரோட சட்டமே அதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு நீதிபதிக்கே இல்லைன்னாங்க. ஏன்னு கேட்டுக் கேட்டே அந்தாளு ஃபிளாரிடா போயிட்டார். ஏமோஸ், என்னை மன்னிச்சுடு. வீட்ட நானே வித்துக் குடுக்கறேன். அந்தச் சுவர வேணா யாராவது...” பாதியில் நிறுத்திவிட்டார். சுவரைப் பெயர்த்து எடுக்கலாமா என்று கேட்க வந்திருப்பார். போருக்கு முந்தைய பூச்சு. தொட்டால் உதிரும்.

மறுநாள் மிஸ்டர் கட்னரை அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கையில் மீன் உணவுப் பொட்டலம் வைத்திருந்தார். அவர் வீட்டில் ஒரு தங்கமீன் உண்டு, அதற்கும் அனுமதி வாங்கியிருக்கிறார்.

“காரணம் சொல்ல முடியாது,” என்றார் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. “சொன்னா அது காரணம் ஆயிடும். அப்புறம் நீங்க அத எதுத்து வாதாடுவீங்க.”

“வாதாட மாட்டேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். வாதாடாதவன் என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

“உங்க மேல உள்ள மரியாதைல, காரணம் இல்லாத ஒண்ணச் சொல்றேன். ஞாயித்துக்கிழம காலையில பங்குதாரர் இறந்துட்டாங்க. அந்த நிமிஷமே அவங்களுக்குக் குடியிருக்கற உரிமை முடிஞ்சு போச்சு. சரியா? ஆனா திங்கக்கிழம வரைக்கும் 9A-ல இருந்திருக்காங்க. ராத்திரி தங்கியிருக்காங்க. பங்குதாரர் இல்லாத ஒருத்தர், குழு அனுமதி இல்லாம. தங்க வெச்சது நீங்க. உங்க கையெழுத்தே இருக்கு.”

“நீங்கதான போடச் சொன்னீங்க?”

“ஆமா. போடறதுக்கு முன்னாடி வரைக்கும் அது ஒரு யோசனை. போட்டதுக்கப்புறம் அது நடந்துபோச்சு. நடந்த ஒண்ண நாங்க கண்டுக்காம விட முடியுமா, சொல்லுங்க? ஒரு விதிமீறல மன்னிச்சு விட்டோம். அதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுச்சு. எனக்கும் வருத்தம்தான். ஹோபார்ட் கூட வருத்தப்பட்டார். ஏப்ரலுக்குள்ள நீங்க தேறி வந்துட்டிருந்தீங்களாம்.”

எஃப்ராயின் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்று உள்ளே வந்து போனது.

“அந்தக் குறிப்பு,” என்றேன். “அத அழிச்சிடுவீங்களா?”

“அழிக்கவே முடியாது, மிஸ்டர் கிராட். கெஞ்சிப் பிரயோஜனமில்ல. நிறைவேறின குறிப்புல ஒரு எழுத்தக்கூட யாரும் மாத்த முடியாது. நீங்க கேஸ் போட்டாலும் முடியாது. நீங்க வீட்ட வித்துட்டுப் போனாலும் இருக்கும். நாங்க எல்லாரும் செத்துப் போனாலும் இருக்கும். நான் எழுதின விதி.”

“நிச்சயமா?”

“இந்தக் கட்டடம் நிக்கற வரைக்கும்.”

“அதுல என்ன எழுதியிருக்கு?”

அவர் முகத்தில் சந்தேகம் வந்தது. இருந்தாலும் அவர் எழுதிய வாசகத்தைக் கேட்க ஓர் ஆள் வந்ததில் உள்ளூர மகிழ்ச்சியும் இருந்தது. மீன் உணவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து மடித்த பிரதி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“‘ஞாயிற்றுக்கிழமை இரவு. வீடு, 9A. இரவு முழுவதும் வீட்டில் இருந்தவர்கள்: இருவர்.’”

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.